முதலில் நின்ற பெயர்

பிப்ரவரி 12, புதன்

முதலில் ஒரு திருத்தம். "மூணாவது மாடி ஆயா பாவம், தனியா இருக்காங்க, பொழுது போகணும்னு கம்ப்யூட்டர் கத்துக்கிறாங்க" என்று இந்த அடுக்ககத்தில் பேசிக்கொள்கிறார்கள். இன்று லிஃப்டில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டே இரண்டு பேர் பேசினார்கள். எனக்குக் காது கேட்காது என்பதும் அவர்களாகவே செய்துகொண்ட முடிவு.

நான் பாவம் இல்லை. ஆயாவும் இல்லை, என் மகனுக்குக் குழந்தைகள் கிடையாது. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளவும் இல்லை. 1973 முதல் 2008 வரை ஓர் அரசுத் துறையின் கணிப்பொறிப் பிரிவில் நிரல் எழுதியவள். துளை அட்டையில் ஒரு துளை இடம் மாறினால் மறுநாள் வரை காத்திருந்த காலம். அதனால் ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்துவிட்டுத்தான் அட்டையைக் கொடுப்போம். லிஃப்டில் பேசிய பெண்களில் ஒருத்தி நான்காம் மாடிக்குப் போக ஐந்தை அழுத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இந்த நாற்பது வீட்டுக்கும் காலையில் தண்ணீர் வருவதே என் நிரலால்தான். பம்ப் அறையில் ஒரு சிறு பெட்டி. மொட்டைமாடித் தொட்டியின் மட்டத்தைப் பார்த்து மோட்டாரைப் போடும், நிறுத்தும். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் செய்த முதல் உருப்படியான காரியம். நான்கு வருடமாக ஒரு சொட்டு வழிந்ததில்லை. என் சாவிக்கொத்தில் இரண்டு சங்கச் சாவிகள்: பம்ப் அறை ஒன்று, மொட்டைமாடி ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நான் குழப்பிக்கொண்டதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அடுக்களை அலமாரியைச் சுத்தம் செய்தேன். கசகசா, கடுகு, சீரகம், சோம்பு, மல்லி, மிளகு, வெந்தயம். டப்பாக்கள் அகரவரிசையில் இருந்தால் இருட்டிலும் கை தேடாது. நாகப்பட்டினம் கான்வென்டில் சிஸ்டர் பியாட்ரிஸ் எங்கள் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார். பட்டியல் என்றால் அகரவரிசை. இல்லையென்றால் அது பட்டியல் இல்லை, குப்பை என்பார்.

அதே கையோடு நிரலையும் திறந்தேன். நான்கு வருடமாகப் பெயர்கள் வாயில் வந்த வரிசையில் கிடந்தன. எங்கெல்லாம் பட்டியல் இருந்ததோ அங்கெல்லாம் வரிசைப்படுத்தினேன். லின்டல், அதாவது நான் எழுதும் நிரல்மொழி, ஒரு முனகல்கூட இல்லாமல் ஏற்றுக்கொண்டது. இப்போது பார்க்கக் கண்ணுக்குச் சுத்தமாக இருக்கிறது.

மதியம் ரசம் சோறு.

பிப்ரவரி 20, வியாழன்

மகன் மாறன் பெங்களூரிலிருந்து பேசினான்.

"அம்மா, அந்த புக்லெட் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"கோயம்புத்தூர்ல நல்ல இடம்மா. உங்க வயசுக்காரங்க நிறைய பேர் இருக்காங்க."

"அதுதான் அதில் உள்ள குறை."

முதியோர் இல்லத்து விளம்பரப் புத்தகம். அட்டையில் ஏழெட்டுக் கிழவர்கள் கேரம் பலகையைச் சுற்றி நின்று வாயைப் பிளந்து சிரிக்கிறார்கள். பலகையில் ஒரு காய்கூட இல்லை. எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

பிப்ரவரி 22, சனி

லின்டலின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. இறக்கிக்கொண்டேன். அதன் அறிவிப்பில் ராக்கெட் படம் போட்டிருந்தார்கள். நிரல்மொழி செய்பவர்களுக்கு எதற்கு ராக்கெட்?

பிப்ரவரி 26, புதன்

பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. புது அடுப்பு, தீ அளவுக்கு மீறி எரிகிறது.

மார்ச் 1, சனி

மாதத்தின் முதல் சனிக்கிழமை, அதே நிரலை லின்டலின் அண்மைப் பதிப்பில் புதுப்பித்துப் பெட்டிக்கு ஏற்றும் நாள். டொமினிக் வந்தார். பத்து வருடமாக இங்கே எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் அவர்தான். அவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். பம்ப் அறைப் படி செங்குத்து. அதனால் பென் டிரைவையும் சாவியையும் அவரிடம் கொடுத்துவிடுவேன். சொருகி, பச்சை விளக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு வருவார்.

"உங்க பொட்டிக்கு மாசம் ஒரு ஊசி போட்டுடறோம்மா. நமக்குத்தான் யாரும் போடறதில்ல."

"பச்சை வந்ததா?"

"வந்துச்சு. கண்ணடிச்சுட்டு உள்ள போயிடுச்சு."

இரண்டு சாவியையும் எண்ணி வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

காலை ஆறரைக்கு மாடிப்படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு ஓடத் தொடங்கிய மோட்டார் நிற்கவே இல்லை. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, வழிந்து, படிவழியாக ஐந்து மாடி இறங்கி, லிஃப்ட் குழியை நிரப்பிவிட்டது. கீழே சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி, காலியாகி, மோட்டார் வெறுமனே சுற்றிப் புகைந்தது. டொமினிக் ஓடிவந்து மெயினை அணைத்தார். இரண்டு நாளைக்கு லாரித் தண்ணீர்.

வாளியோடு வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அது அவர்களின் நாகரிகத்தின் உச்சம். நான் கடந்த பிறகு தொடர்ந்தார்கள்.

"வயசாச்சுல்ல. மறதி வந்துடுச்சு. லிட்டர், சென்டிமீட்டர் எல்லாம் குழப்பிட்டாங்களாம்."

லிட்டருக்கும் சென்டிமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அதை நான் குழப்பினேன் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மார்ச் 3, திங்கள்

சங்கச் செயலாளர் செல்வரங்கம் வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். எந்தச் சேதத்தைப் பார்த்தாலும் ஒரு படிவம் நீட்டாமல் இருக்க முடியாது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கமிட்டில கேக்கறாங்க. நீங்க ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"இல்லை."

"எதுவுமே?"

"மிஸ்டர் செல்வரங்கம், நான்கு வருடமாக ஓடுகிற நிரலை எதற்கு மாற்ற வேண்டும்?"

"அப்போ அதையே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்களேன்."

எழுதிக் கொடுத்தேன். 'இந்நிரலின் ஒரு வரியையும் நான் மாற்றவில்லை. தையல்நாயகி வைத்தியலிங்கம்.' தேதி போட்டேன். அவர் தேதி போட மறந்த காகிதங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

பிடித்துவிட்டேன். பிழை என்னுடையதல்ல, லின்டலுடையது.

எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் நான் குழப்பினேன் என்று சொல்லக்கூடாது. லின்டலில் 'பண்பு' என்று ஒன்று உண்டு. ஒரு பொருளிடம் இன்னதைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்ற ஒப்பந்தம் அது. என் நிரலில் 'அளவு' என்பது ஒரு பண்பு. பொதுவான பண்பு, எதில் அளவு என்ற இடம் காலியாக இருக்கும். லிட்டர் என்று நிரப்பிக்கொள்ளலாம், சென்டிமீட்டர் என்றும் நிரப்பிக்கொள்ளலாம். 'தொட்டி' என்ற பண்பு அந்த இரண்டையும் வாரிசாகப் பெறுகிறது. எத்தனை லிட்டர் தண்ணீர் என்றும் சொல்லும், எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்றும் சொல்லும். இதுவரை எந்தக் கோளாறும் இல்லை.

நிரலில் ஓரிடத்தில், 'தொட்டியே, உன் அளவைச் சொல். அது பதினெட்டாயிரத்தைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்து' என்று எழுதியிருக்கிறது. எந்த அளவு என்று அந்த வரியில் இல்லை. இப்படி இருந்தால் மொழி அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஊகிக்கத் துப்பு இல்லையென்றால் 'எது?' என்று கேட்டு நின்றுவிட வேண்டும். எனக்குத் தெரிந்த மற்ற மொழிகள் அப்படித்தான் நிற்கும். லின்டல் நிற்கவில்லை. தானாகவே சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டது. தொட்டி கொள்வது பதினெட்டாயிரம் லிட்டர், அதன் உயரம் இரண்டு மீட்டர்தான். இருநூறைத் தாண்ட முடியாத ஒரு எண், பதினெட்டாயிரத்தை எட்டிவிடும் என்று மோட்டார் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது.

எங்கள் வகுப்பில் இரண்டு ஸ்டெல்லாக்கள் இருந்தார்கள். ஏ. ஸ்டெல்லா, எம். ஸ்டெல்லா. முதலெழுத்தைச் சொல்லாமல் ஸ்டெல்லாவைக் கூட்டிவர அனுப்பினால் கான்வென்டின் வேலைக்கார ஆயா வாசலில் நின்று, "எந்த ஸ்டெல்லா, சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் நகருவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். உலகம் முழுதும் பெரிய படிப்புப் படித்தவர்கள் கூடிச் செய்த லின்டலுக்கு அந்த ஆயாவின் புத்தி இல்லை.

நான்கு வருடம் ஒழுங்காக ஓடியது, புதிய பதிப்பு வந்த கையோடு உடைந்தது. ஆகவே புதிய பதிப்பின் பிழை. ராக்கெட் விட்டவர்களின் பிழை.

மார்ச் 6, வியாழன்

லின்டலின் இணையதளத்தில் உள்ள பொது முறையீட்டுப் பலகையில் புகார் எழுதினேன். கான்வென்ட் ஆங்கிலம், ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. இருநூறு வரி நிரலை ஒன்பது வரியாகச் சுருக்கி, பிழையைக் கண் முன்னால் நிற்கும்படி வைத்தேன். 'புதிய பதிப்பு, இரண்டு சாத்தியம் உள்ள இடத்தில் கேட்காமல் தவறானதைத் தேர்கிறது' என்று தலைப்பு.

மார்ச் 8, சனி

பதில் வந்திருக்கிறது. எழுதியவரின் பெயர் 'ஈரப்பூனை', கூடவே ஓர் எண். சொந்தப் பெயரில் பதில் எழுதத் துணிவில்லாதவர்கள் கையில் ஒரு மொழியைக் கொடுத்திருக்கிறார்கள்.

'வணக்கம்! இதை என்னால் மறுபடி நிகழ்த்திப் பார்க்க முடிந்தது. ஆனால் இது பிழை அல்ல, விதி. ஒரே பண்பை இருமுறை வாரிசாகப் பெற்றால், பட்டியலில் முதலில் நிற்பது எடுத்துக்கொள்ளப்படும். கையேட்டில் எழுதியிருக்கிறோம்.' கீழே ஒரு சிரிக்கும் முகம். புகாரை மூடிவிட்டார்.

கையேட்டில் தேடினேன். இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஓர் அடிக்குறிப்பு.

'மதிப்பிற்குரிய ஈரப்பூனை அவர்களுக்கு' என்று தொடங்கிப் பதில் எழுதினேன். முதலில் நிற்பவரே சரியானவர் என்பது ரேஷன் கடை வரிசைக்குப் பொருந்தும், அளவைக்குப் பொருந்தாது. ஒரு தவறை அடிக்குறிப்பில் எழுதிவிட்டால் அது விதி ஆகிவிடாது. என்ன சொல்லப் போகிறார் பார்க்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

கமிட்டி கூடியிருக்கிறது. கதவுக்குக் கீழே ஒரு சுற்றறிக்கை. 'வரும் 16ஆம் தேதி பொதுக்குழு. தண்ணீர்ச் சம்பவத்துக்குப் பொறுப்பான எலக்ட்ரீஷியன் டொமினிக்கை நீக்கி, வேறொருவரை நியமிப்பது. பெட்டியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது குறித்து முடிவெடுப்பது. திருமதி தையல்நாயகி அதற்கு முன் சாவியை ஒப்படைக்கவும்.'

செல்வரங்கத்துக்குப் போன் செய்தேன்.

"டொமினிக் எப்படிப் பொறுப்பு?"

"நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க, நான் எதையும் மாத்தலன்னு? அப்போ பொட்டியைக் கடைசியாத் தொட்டது அவன்தானே."

"அவர் செய்தது பென் டிரைவைச் சொருகியது மட்டும்."

"அதுல ஏதோ தப்பாப் பண்ணிட்டான். விடுங்க மேடம், உங்க பேர் இதுல வரவே வராது. பாத்துக்கறேன்."

பெரிய உதவி செய்வதுபோல அவர் குரல்.

மார்ச் 10, திங்கள்

டொமினிக் வந்தார். குழாய் எதுவும் ஒழுகவில்லை. இருந்தாலும் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நீங்க குடுத்ததைத்தானே நான் சொருகினேன்? பச்சை வந்துச்சுன்னு உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"வேற எதையாச்சும் தொட்டிருப்பேனா?"

"உங்க மேல நான் ஒண்ணுமே எழுதலை, டொமினிக்."

"என் மேல எழுதலைம்மா. உங்களைப் பத்தித்தான் எழுதினீங்க. அங்க இருந்தது ரெண்டே பேரு. ஒருத்தர் 'நான் இல்ல'ன்னு கையெழுத்துப் போட்டாச்சு. மிச்சம் யாரு?"

ஈரப்பூனையின் அடிக்குறிப்பைப் பற்றி அவரிடம் சொல்லி என்ன பயன்?

"லாங்வேஜோட தப்பு. நிரூபிக்கிறேன்."

"நிரூபிங்கம்மா. பதினாறாம் தேதிக்குள்ள நிரூபிங்க." வாசலில் நின்று சிரித்தார். "அப்புறம் நிரூபிச்சா என் போட்டோவுக்கு மாலை போட்ட மாதிரி இருக்கும்."

காப்பி குடிக்காமல் போய்விட்டார். ஆறிய காப்பியை நானே குடித்தேன். சர்க்கரை இரண்டு முறை போட்டிருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

ஈரப்பூனை மறுபடி எழுதியிருக்கிறார். இந்த முறை சிரிக்கும் முகம் இல்லை.

'அம்மையீர், உங்கள் ஒன்பது வரியை முந்தைய பதிப்பிலும், அதற்கு முந்தைய ஐந்து பதிப்புகளிலும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே விடைதான். அதாவது புதிய பதிப்பு எதையும் மாற்றவில்லை. உங்கள் நிரல் நான்கு வருடம் சரியாக ஓடியது என்றால், அப்போது பட்டியலில் லிட்டர் முதலில் நின்றிருக்க வேண்டும். அண்மையில் யாராவது அந்த வரிசையை மாற்றினார்களா?'

யாராவது! என் நிரலை என்னைத் தவிர யார் திறப்பார்கள்?

'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். இன்னும் அனுப்பவில்லை.

மார்ச் 12, புதன்

நிரலுக்கு ஒரு மாற்றப் பதிவேடு உண்டு. யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வரியைத் தொட்டார்கள் என்று தானாகப் பதியும். அதை இதுவரை நான் திறக்கவில்லை. தெரிந்ததைத் திறந்து பார்ப்பது வீண் வேலை.

காலை பத்து மணிக்குத் திறந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு, 11.40. என் பெயர். தொட்டிப் பண்பின் வரியில், 'லிட்டர், சென்டிமீட்டர்' என்று இருந்தது 'சென்டிமீட்டர், லிட்டர்' என்று மாறியிருக்கிறது. குறிப்பு: 'அகரவரிசை.'

யாரோ என் பெயரில் நுழைந்திருக்கலாம் என்று கொஞ்ச நேரம் எண்ணினேன். எவ்வளவு நேரம் என்று எழுதப் போவதில்லை. பிறகு இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். பதினாறாம் தேதி. கசகசா, கடுகு, சீரகம். என் கையெழுத்து. 'அதே கையோடு நிரலையும் திறந்தேன்.'

மதியம் சமைக்கவில்லை.

மார்ச் 12, மாலை

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நான் பொய் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். மறந்ததைவிடப் பொய்யே மேல் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்கு வெட்கப்படுகிறேன்.

பெயர்களின் வரிசை மாறினால் பொருள் மாறக்கூடாது. இதில் நான் ஒரு அங்குலம் பின்வாங்க மாட்டேன். கடுகு டப்பாவைச் சீரகத்துக்கு முன்னால் வைத்ததால் ரசத்தின் ருசி மாறினால் அது அலமாரியின் குற்றம். ஆனால் அலமாரியில் கை வைத்தவள் நான். கை வைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டவளும் நான். இன்னொன்றும் உண்டு. 'அளவைச் சொல்' என்று நான்கு வருடம் முன்பு எழுதியபோதே எந்த அளவு என்று நான் எழுதவில்லை. லின்டல் தற்செயலாகச் சரியானதை எடுத்தது. என்னைப் புரிந்துகொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. பொதுப்பணித் துறைக்காரர். "அதை மூடுங்க" என்று சொன்னால் நின்ற இடத்திலிருந்தே "எதை?" என்பார். ஜன்னல் பக்கம் நிற்கிற மனுஷனுக்கு ஜன்னல் என்று தெரியாதா என்று கத்துவேன். "கதவும் திறந்துதானே இருக்கு, நாயகி" என்பார். நாற்பத்தாறு வருடம். ஒருநாள்கூட அவராக ஒன்றை முடிவு செய்துகொண்டு போய் மூடியதில்லை. அது மந்தபுத்தி என்று என் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

'இல்லை' என்ற பதிலை அழித்துவிட்டு ஈரப்பூனைக்கு எழுதினேன். என் புகாரின் தலைப்பு தவறு. உங்கள் புதிய பதிப்பு எதையும் மாற்றவில்லை. வரிசையை மாற்றியவள் நான், மாற்றியதை மறந்தவளும் நான். ஆனாலும் புகாரைத் திரும்பப் பெற மாட்டேன். பட்டியலை ஒழுங்குபடுத்துவது குற்றமாகக்கூடிய ஒரு மொழியை நீங்கள் செய்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு விடையும் சமமாகச் சரி என்னும்போது உங்கள் மொழி ஒன்றை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறது. அந்த மௌனத்தால் இங்கே ஒருவருடைய வேலை போகப் போகிறது. அவர் உங்கள் மொழியைப் பற்றிக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

மார்ச் 14, வெள்ளி

ஈரப்பூனை புகாரை மறுபடி திறந்துவிட்டார்.

'நீங்கள் சொல்வது சரி. அந்த விதியை எழுதியவன் நான். ஒன்பது வருடம் முன்பு, ஒரு மத்தியான நேரத்தில். அதுதான் எளிதாக இருந்தது, வேறு காரணம் இல்லை. அடுத்த பதிப்பிலிருந்து இப்படி வந்தால் லின்டல் நின்று, எது என்று கேட்கும். உங்கள் ஒன்பது வரியை, ஒவ்வொரு புதிய பதிப்பையும் சரிபார்க்கும் சோதனைத் தொகுப்பில் சேர்க்கிறேன். யாருடைய பெயரைப் போடலாம்? என் பெயர் ஆர்வோ.'

பெயர் இருந்திருக்கிறது. முதலிலேயே போட்டிருக்கலாம்.

இதை எப்படி மோப்பம் பிடித்தாரோ, செல்வரங்கம் மாலையில் வந்துவிட்டார். மதியம் போனில் ஆர்வோவின் பதிலை மட்டும் மாறனிடம் சொன்னேன், அவன் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

"மேடம், அந்த ஃபாரின்காரன் ஒத்துக்கிட்டானாமே! பிரமாதம். அதை ஒரு பிரின்ட் எடுத்துக் குடுங்க. லாங்வேஜ் தப்பு, மேட்டர் ஓவர். உங்க பொட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"டொமினிக்?"

"அது வேற விஷயம் மேடம். வேற ஆள் பேசியாச்சு. நாற்பது வீட்டுக்காரங்க வாளி தூக்கியிருக்காங்க. யார் மேலயாவது நடவடிக்கை எடுத்தாத்தானே அடங்குவாங்க?"

"யார் மேல் என்பது முக்கியமில்லையா?"

"கிட்டத்துல இருக்கறவன் அவன்தானே மேடம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நீங்க பழைய லெட்டரை அப்படியே விட்டுடுங்க. ஒண்ணுக்கொண்ணு முரண்படல. நீங்களும் மாத்தல, லாங்வேஜும் தப்பு. ரெண்டுமே உங்களுக்குச் சாதகம்."

இந்த மனிதர் முப்பது வருடம் எத்தனை பேருடைய இழப்பீட்டை இப்படித் தீர்த்திருப்பார் என்று யோசித்தேன். அவர் சொன்னதில் ஒன்று உண்மை. மாற்றப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் இந்த அடுக்ககத்தில் யாரும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் போதும்.

"காலையில் தருகிறேன்" என்றேன். பிரின்ட்டைத்தான் சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டு போனார். நான் எதைத் தருவேன் என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

மாறன் காலையிலேயே போன் செய்தான்.

"அம்மா, செல்வரங்கம் சார் சொன்னாரு. நல்லபடியா முடிஞ்சுதுல்ல? பேசாம விட்டுடுங்க."

"முடியவில்லை. வரிசையை மாற்றியது நான்தான். மறந்துவிட்டேன்."

அவன் கோயம்புத்தூர் அட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று எழுதிவிட்டேன், கேட்கவில்லை.

"என்ன நினைக்கிறே, மாறன்?"

"அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

நான் ஊகித்தது அது இல்லை.

பெட்டிக்கான நிரலில் ஒரு சொல் சேர்த்தேன்: லிட்டர். வேறு எதையும் தொடவில்லை. பதிவேட்டில் குறிப்பு எழுதினேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். பிறகு செயலாளருக்குக் கடிதம். மூன்று நகல்: ஒன்று அறிவிப்புப் பலகைக்கு, ஒன்று மாறனுக்கு, ஒன்று டொமினிக்குக்கு. டொமினிக்கிடம் நேரில் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தார்.

"அம்மா, இதை ஒட்டினா உங்களைப் பத்தி என்ன பேசுவாங்க தெரியும்ல?"

"ஏற்கெனவே பேசுவதுதான். இந்த முறை பாதி சரியாக இருக்கும்."

உட்கார்ந்து காப்பி குடித்தார். சர்க்கரை போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

கடிதத்தின் நகல்:

செயலாளர் அவர்களுக்கு,

மார்ச் 3ஆம் தேதி நான் எழுதிக் கொடுத்த கூற்று தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். பிப்ரவரி 16ஆம் தேதி நிரலில் ஒரு பட்டியலின் வரிசையை மாற்றியவள் நான். மாற்றியதை மறந்துவிட்டேன். எந்த அளவு என்று நான் எழுதாமல் விட்ட இடத்தில் நிரல்மொழி கேட்காமல் தானே ஒன்றைத் தேர்ந்தது. அதை அம்மொழியைச் செய்தவரும் ஒப்புக்கொண்டு திருத்துகிறார். அவருடைய கடிதத்தை இணைத்துள்ளேன். அது என்னுடைய பங்கைக் குறைப்பதற்காக அல்ல.

திரு. டொமினிக் நான் கொடுத்ததை, நான் சொன்னபடி ஏற்றினார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. நாளைய கூட்டத்தின் பொருளிலிருந்து அவர் பெயரை நீக்கவும். அவர் இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். நான் கூட்டத்துக்கு வருவேன்.

சாவியை ஒப்படைக்கும்படி உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. என்னிடம் இரண்டு இருக்கின்றன, பம்ப் அறையுடையதும் மொட்டைமாடியுடையதும். எதை என்று அதில் இல்லை. நானாக ஊகிக்க மாட்டேன்.

டொமினிக் பணியில் தொடர்கிறாரா என்பதையும், நான் தர வேண்டிய சாவி எது என்பதையும் நாளை காலை பத்து மணிக்குள் எழுத்தில், தேதியிட்டு, தெரிவிக்கவும்.

தையல்நாயகி வைத்தியலிங்கம்